சாம்பல் அடுக்கு

அக்டோபர் 8

டாக்டர் பிலோமினா சொன்னதால் எழுதுகிறேன். தினமும் பிரஷர் எவ்வளவு, என்ன சாப்பிட்டேன், மாத்திரை போட்டேனா, மனநிலை எப்படி என்று குறித்து அடுத்த மாதம் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம். "மனநிலைன்னு என்ன எழுதறது டாக்டர்?" என்று கேட்டேன். "தோணுறத எழுதுங்க மிஸ்டர் அருளப்பன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வச்சிருந்தவர்தானே நீங்க?" என்றார். தட்டச்சு சொல்லிக்கொடுத்தவனுக்கெல்லாம் எழுத வந்துவிடும் என்று நினைக்கிறார் பாவம்.

மனைவி லில்லி இன்று காலை பஸ்ஸில் திருப்பூர் போய்விட்டாள். மகள் ஷீபாவுக்கு இது ஒன்பதாவது மாதம். முறைப்படி அவள்தான் இங்கே வந்திருக்க வேண்டும். குன்னூர் குளிரும் வேண்டாம், மலைப்பாதையில் வயிற்றோடு பயணமும் வேண்டாம் என்று எல்லோரும் முடிவு செய்ததால் அம்மா அங்கே போகிறாள். பஸ்ஸில் ஏறும்போதுகூட, "பாட்டில் பாட்டில்னு குளிர்ல திரியாதீங்க" என்றுதான் சொன்னாள்.

டாக்டர் தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது. என் வீட்டில் முந்நூறு பாட்டில்களுக்கு மேல் இருக்கின்றன. ஒன்றில்கூட ஒரு சொட்டுச் சரக்கு கிடையாது. எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சோடா பாட்டில், எலுமிச்சை பான பாட்டில், டானிக் பாட்டில். கண்ணாடியிலேயே கம்பெனிப் பெயர் புடைப்பு எழுத்தில் வார்த்திருக்கும். விரலால் தடவிப் படிக்கலாம். பின்முற்றத்துத் தகரக் கொட்டகையில் பலகை அடித்து வரிசையாக வைத்திருக்கிறேன்.

பிரஷர் 138/88. மனநிலை: சுதந்திரம்.

அக்டோபர் 9

இட்லி மூன்று, தேங்காய்ச் சட்னி. மாத்திரை போட்டாயிற்று. 136/86. மழை.

அக்டோபர் 11

மழையில் வீட்டுக்குப் பின்னால் மேட்டிலிருந்து ஒரு கூடை மண் சரிந்து துணி துவைக்கிற கல்லின் மேல் விழுந்திருந்தது.

எங்கள் தெரு படிக்கட்டு மாதிரி. எங்கள் வீடு கீழ்ப்படியில் இருக்கிறது. பின்னால் சின்ன முற்றம். அதற்கப்பால் இரண்டு ஆள் உயரத்துக்கு மண்மேடு. மேட்டின் மேல் ராக்கியண்ணன் வீடு. அவருக்கு மார்க்கெட்டில் காய்கறிக் கடை. மேட்டுக்குத் தடுப்புச் சுவர் கட்ட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். கட்ட வேண்டியது மேல்வீடா கீழ்வீடா என்ற சண்டையிலேயே காலம் போய்விட்டது. போதாக்குறைக்கு அவர் வீட்டுச் சமையலறைப் பைப் மேட்டின் விளிம்போடு நின்றுவிடுகிறது. பாத்திரம் கழுவுகிற தண்ணீரெல்லாம் மண்ணில்தான் வழிகிறது. இரண்டு வருடத்துக்கு முன் கேட்டேன். "தண்ணி மேல இருந்து கீழதானுங்க போகும், கீழ இருந்து மேல வருமா சார்?" என்றார். அதோடு பேச்சு நின்றது. பேச வேண்டியதை லில்லியும் அவர் மனைவி வசந்தாமணியும் பேசிக்கொள்வார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். சரிந்த இடத்தில், சிவப்பு மண்ணுக்கு நடுவே கறுப்பாக ஒரு கோடு ஓடியது. தொட்டுப் பார்த்தேன். சாம்பல். அந்தச் சாம்பலுக்குள்ளிருந்து பச்சைக் கண்ணாடியில் ஒரு பாட்டில் கழுத்து எட்டிப் பார்த்தது.

இந்த மேடு முழுக்க ஒரு காலத்தில் ராக்வுட் பங்களாவின் கொல்லைப்புறம். நான் பிறப்பதற்கு முன்பே பங்களாவை இடித்து மனை போட்டு விற்றுவிட்டார்கள். அந்தக் காலத்தில் குப்பை வண்டியா வரும்? அடுப்புச் சாம்பலையும் காலி பாட்டில்களையும் பட்லர் கொல்லைச் சரிவில் கொட்டியிருப்பான். வெள்ளைக்காரன் குப்பை எங்கே என்று கோத்தகிரி வரை அலைந்தவன் நான். அது இத்தனை வருடமும் நான் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது.

பிரஷர் பார்க்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 13

கனமான வேலை செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கடப்பாரையைத் தொடவில்லை. களைக்கொத்தியும் கரண்டியும்தான். மேலிருந்து கீழே தோண்டினால்தான் அது கனமான வேலை. பாட்டில் தோண்டுகிறவர்கள் அப்படித் தோண்டுவதில்லை. சாம்பல் அடுக்கு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே போக வேண்டும். மேலே உள்ள மண்ணிலும் ஒன்றும் இருக்காது, கீழே உள்ள மண்ணிலும் ஒன்றும் இருக்காது. அடுக்கு ஒரு முழம் கனம். அது பக்கவாட்டில் போனால் நாமும் பக்கவாட்டில் போகிறோம். சாம்பல் மாவு மாதிரி உதிர்கிறது. ஒரு சிரமமும் இல்லை.

இன்று முழங்கை அளவுதான் போனேன். டானிக் பாட்டில் ஒன்று, ஊறுகாய் ஜாடி மூடி ஒன்று, யாரோ மேம்சாகிப்பின் சீனத்தட்டுத் துண்டு.

ரசம், அப்பளம். 138/86.

அக்டோபர் 16

கோலி சோடா பாட்டில். கழுத்துக்குள் கோலி அப்படியே இருக்கிறது, ஆட்டினால் கடகடவென்கிறது. பழைய கோலி பாட்டில் முழுசாகக் கிடைப்பது அபூர்வம். பிள்ளைகள் கோலிக்காக உடைத்துவிடுவார்கள். பங்களாவில் பிள்ளைகள் இல்லை போலிருக்கிறது.

மணல் போட்டு, பூந்திக்கொட்டைத் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் குலுக்கிக் கழுவினேன். அப்போது பார்த்து லில்லி போன் செய்தாள்.

"என்ன சத்தம் அது?"

"சட்னிக்கு மிக்ஸி."

"மிக்ஸி இப்படியா கேக்கும்?"

"பழைய மிக்ஸி."

கலியாணமாகி முப்பத்தொரு வருடம் ஆகியும் பொய் சொல்ல வரவில்லை. ஷீபாவுக்குக் கால் வீக்கமாம். மற்றபடி நலம்.

அக்டோபர் 19

குண்டடி பாட்டிலின் பாதி கிடைத்தது. குண்டடி என்றால் அடி தட்டையாக இருக்காது, சுரைக்காய் மாதிரி கூராக உருண்டிருக்கும். நிற்க வைக்க முடியாது, படுக்கத்தான் வைக்க வேண்டும். படுத்தே கிடந்தால்தான் சோடா தக்கையை நனைத்துக்கொண்டிருக்கும், தக்கை காய்ந்து சுருங்கி வாயு போகாது. அதற்காகவே அப்படிச் செய்தார்கள்.

ஆனால் விஷயம் அதன் மேல் இருந்த எழுத்தில். 'டாரண்ட் அண்ட் சன்' என்று ஆங்கிலத்தில். அதற்குக் கீழே ஊர்ப்பெயர் தொடங்கி, பாதியில் உடைந்திருந்தது. அந்தப் பாதி போதும் எனக்கு. குன்னூர். நம் ஊரில் சோடா கம்பெனி இருந்ததாகப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதன் பாட்டிலைக் கண்ணால் கண்டவர் இல்லை. எங்கள் வாட்ஸ்அப் பாட்டில் குழுவில் பெங்களூர்க்காரர், கொச்சிக்காரர், ஏற்காட்டுக்காரர் என்று அறுபது பேர் இருக்கிறோம். யாரிடமும் கிடையாது.

பாதி இருந்தால் முழுசும் இருக்கும்.

அக்டோபர் 22

கால் மட்டும் வெளியே. நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு படுத்துத் தோண்டுகிறேன். உள்ளே கதகதப்பாக இருக்கிறது.

ஒரு வேடிக்கை. உள்ளே படுத்திருக்கும்போது யாரோ இருமுவது தெளிவாகக் கேட்டது. ரோட்டில் போகிறவர்களாக இருக்கும். மண் ஓரிடத்துச் சத்தத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோகும் என்று எங்கேயோ படித்திருக்கிறேன்.

தயிர்சாதம். 146/90. கொஞ்சம் கூட.

அக்டோபர் 25

148/92. நாரத்தங்காய் ஊறுகாய்தான் காரணம். பாட்டிலை, அதாவது ஊறுகாய் பாட்டிலை, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

வெளியே எடுத்த மண்ணை லில்லியின் பீன்ஸ் பாத்தியில் போட்டு வருகிறேன். பாத்தி முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. பீன்ஸுக்கு நல்லதுதான். முள்ளங்கிப் பாத்தியிலும் போட்டாயிற்று. இனி எங்கே போடுவது என்று தெரியவில்லை.

அக்டோபர் 28

கிடைத்துவிட்டது.

முழுசாக. ஒரு கீறல் இல்லை. சாம்பலுக்குள் தூங்குகிற குழந்தை மாதிரி படுத்திருந்தது. கைக்கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு விரலாலேயே சாம்பலைத் தள்ளி எடுத்தேன். கடல்நிறக் கண்ணாடி, உள்ளே சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள். வார்ப்பு வரி இரண்டு பக்கமும் ஏறிக் கழுத்தோடு நின்றுவிடுகிறது. அப்படியென்றால் வாயைக் கையால் வைத்து ஒட்டியிருக்கிறார்கள், இயந்திரத்தால் அல்ல. 'டாரண்ட் அண்ட் சன், குன்னூர், நீலகிரி'. நீலகிரி என்பதற்கு அந்தக் காலத்து எழுத்துக்கூட்டு.

துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து அழுதேன். இதை எழுத வெட்கமில்லை. மேட்டை ஒட்டிக் கல்லின் மேல் படுக்க வைத்துப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். பிறகு பாட்டிலைக் கொட்டகைக்குக் கொண்டுபோய் நடுப்பலகையில் வைத்தேன்.

பிரஷர் 130/84. சந்தோஷத்தில் இறங்குகிறது பாருங்கள் டாக்டர்.

அக்டோபர் 29

குழுவில் எல்லோரும் வாழ்த்திவிட்டார்கள். பெங்களூர் ஃபிரெட்ரிக் மட்டும் தனியாக எழுதினார்: "அருமையான பாட்டில் சார். பின்னால் கறுப்பாகத் தெரிவது குகையா? எவ்வளவு ஆழம்? அதற்கு மேலே என்ன இருக்கிறது?"

மேலே தோட்டம் என்று பதில் போட்டேன்.

154/94.

அக்டோபர் 31

கடைக்குப் போகிற சாக்கில் மேல்தெரு வழியாகப் போனேன். இந்த இரண்டு வருடத்தில் அந்தப் பக்கம் போனதில்லை. ராக்கியண்ணன் வீட்டின் பின்னறை மேட்டின் விளிம்பில்தான் இருக்கிறது. முன்பு அது விறகு அறை. இப்போது ஜன்னலுக்குத் திரை போட்டிருக்கிறார்கள். திரை விலகியிருந்தது. உள்ளே இரும்புக் கட்டில். கட்டிலில் அவருடைய அப்பா. இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்று லில்லி எப்போதோ சொல்லியிருக்கிறாள். நான் காது கொடுத்துக் கேட்டதில்லை.

பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அவர் இருமினார்.

பால், ரொட்டி வாங்க மறந்து திரும்பி வந்தேன்.

நவம்பர் 1

டிவியில் காற்றழுத்தத் தாழ்வு. நீலகிரிக்கு மிகக் கனமழை எச்சரிக்கை. கலெக்டர் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டுவிட்டார்.

காலை முழுக்கப் பீன்ஸ் பாத்தி மண்ணைச் சாக்கில் கட்டிக் குழிக்குள் திணித்தேன். எடுத்த மண்ணைத் திரும்ப வைத்தால் பழையபடி ஆகிவிட வேண்டும்தானே. ஆகவில்லை. பஞ்சை வைத்து அடைத்த மாதிரி இருக்கிறது. மேலே இடைவெளி நிற்கிறது, கையை விட்டால் உள்ளே போகிறது.

உண்மையில் தவறு பைப் தண்ணீர்மேல்தான். இரண்டு வருடமாக ஊறின மண் வேறெப்படி இருக்கும்?

160/98. உப்பில்லாத கஞ்சிதான் குடித்தேன்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். கொட்டுகிற மழையில் குடை பிடித்து அப்பா அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். இரண்டு வரிசை தள்ளி யாருக்கோ புதுக்குழி வெட்டித் தார்பாய் போட்டு மூடியிருந்தார்கள். அதைத் தாண்டி வரக் கால் வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் சாக்குகளுக்கு நடுவிலிருந்து தண்ணீர் கசிகிறது. கலங்கின தண்ணீர். மண்ணைத் தின்றுகொண்டு வருகிறது.

166/100.

நவம்பர் 3

காலையில் படியேறி ராக்கியண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன். வசந்தாமணி திறந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "லில்லியக்காவுக்கு ஏதாச்சுங்களா?" என்றார். நான் அந்த வாசலுக்கு வர வேறு காரணம் இருக்க முடியாது என்று அவர் நினைத்ததில் தப்பில்லை.

ராக்கியண்ணன் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார்.

"உங்க பின்னறைக்குக் கீழ நான் தோண்டிட்டேன்" என்றேன்.

"என்னத்தத் தோண்டுனீங்க?"

"பாட்டிலுக்காக. பக்கவாட்டுல. ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு."

அவர் கையைக் கழுவாமலே எழுந்து வந்தார். மழையோடு இருவரும் கீழே இறங்கினோம். சாக்குகளை அவரே இழுத்துப் போட்டார். என் டார்ச்சை வாங்கிக்கொண்டு சேற்றில் மல்லாந்து படுத்து உள்ளே போனார். வெளியே வந்தபோது முகமெல்லாம் சாம்பல்.

"கடைக்கால் கல்லு தெரியுதுங்க சார்" என்றார். "எங்க வீட்டுக் கடைக்கால்."

தெரியும். இருபத்தெட்டாம் தேதியே பார்த்தேன். பாட்டில் இருந்த இடத்துக்கு நேர் மேலே, வீட்டு அஸ்திவாரத்தின் சுண்ணாம்பு பூசின கருங்கல் மூலை. அன்றைக்கு இந்த நோட்டில் காற்றுக் குமிழியைப் பற்றி எழுதினேன், வார்ப்பு வரியைப் பற்றி எழுதினேன். கல்லைப் பற்றி எழுதவில்லை.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். அவர் முகத்தை வழித்துவிட்டு, "உங்ககிட்ட அப்புறம் பேசிக்கறேனுங்க. இப்ப எங்கப்பனத் தூக்கோணும். வாங்க" என்றார்.

மேட்டுக்குக் கீழே இருக்கிற என் வீடும் ஆகாது. பங்குத் தந்தைக்குப் போன் செய்து கோயில் மண்டபத்துச் சாவியை வாங்கினேன். பெரியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, வேட்டியால் மார்போடு கட்டி, தலைக்குமேல் தார்பாய் பிடித்து ரோட்டில் தூக்கிக்கொண்டு போனோம். நான் ஒரு பக்கம், அவர் மகன் ஒரு பக்கம். வசந்தாமணி பின்னால் மாத்திரைப் பையும் போர்வையுமாக.

பெரியவருக்கு ஒரே குஷி. "யாரு ஊட்டுக் கல்யாணம்டா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"உங்களுக்குத்தான், பேசாம வாங்க" என்றார் மகன்.

நவம்பர் 4

மண்டபத்தில் இருக்கிறோம். ஒரு மூலையில் கிறிஸ்துமஸ் குடிலுக்கான வைக்கோல் ஆட்டுக்குட்டிகள், இன்னொரு மூலையில் நாங்கள். மேட்டுப்பாளையம் ரோட்டில் இரண்டு இடத்தில் மண்சரிவு, மலை ரயில் ரத்து. விடாமல் கொட்டுகிறது.

ராக்கியண்ணன் என்னிடம் பேசவில்லை. வசந்தாமணி எனக்கும் சேர்த்து உப்புமா கிண்டினார். தட்டை வைக்கும்போது கொஞ்சம் ஓங்கி வைத்தார். நியாயம்தான்.

மதியம் ராக்கியண்ணன் குடையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஒண்ணும் ஆகலியே. அப்படியேதான் நிக்குது" என்று மனைவியிடம் சொன்னார், எனக்கும் கேட்கும்படி. விழாவிட்டால் நான் பைத்தியக்காரன், விழுந்தால் பாவி. பைத்தியக்காரனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.

பெரியவருக்கு மண்டபம் பிடிக்கவில்லை. தரை குளிர்கிறதாம், கட்டில் வேண்டுமாம், வீட்டுக்குப் போக வேண்டுமாம்.

நவம்பர் 5

விழுந்துவிட்டது. அறையில் யாரும் இல்லை. யாருமே இல்லை.

நவம்பர் 6

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நேற்றுக் காலை மழை விட்டது. லேசாக வெயில்கூட வந்தது. பெரியவர் அழ ஆரம்பித்துவிட்டார், சின்னப் பிள்ளை மாதிரி. ராக்கியண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "ஊட்டுக்கே கூட்டிட்டுப் போறேன். மழதான் நின்னு போச்சே" என்று நாற்காலியை இழுத்தார்.

நான் மண்டபக் கதவை மறித்து நின்றேன்.

"மழை நின்ன பிறகுதான் மண் விழும். இன்னைக்கு ஒரு நாள் பொறுங்க."

"நவுருங்க சார்."

"மாட்டேன்."

"உங்க பாட்டிலுக்கு எங்கப்பன் தரையில கெடக்கோணுமா?"

நான் நகரவில்லை. அவர் என் சட்டையைப் பிடித்தார். பித்தான் தெறித்தது. வசந்தாமணி நடுவில் வந்து, "என்னங்க, மத்தியானம் வரைக்கும் பாப்பம். நாம போயிக் கட்டிலையாச்சும் எடுத்துட்டு வரலாம்" என்றார்.

கட்டிலை எடுக்கப் போகிறேன் என்று ராக்கியண்ணன் கிளம்பினார். நானும் கூடவே ஓடினேன். அவர் அறைக்குள் போகக்கூடாது என்பதுதான் என் ஒரே எண்ணம். தெருமுனை திரும்பும்போது சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. லாரியிலிருந்து ஜல்லி இறக்குகிற மாதிரி, அவ்வளவுதான். ஆனால் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

மேடு இல்லை. மேட்டின் பாதி என் முற்றத்தில் கிடந்தது. கொட்டகை எங்கே என்று தெரியவில்லை. என் சமையலறைச் சுவர் உள்பக்கம் சாய்ந்திருந்தது. மேலே ராக்கியண்ணனின் பின்னறைக்குத் தரையும் இல்லை, ஒரு சுவரும் இல்லை. திரை மட்டும் கம்பியில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. பெரியவரின் இரும்புக் கட்டில் தலைகீழாக, நான்கு காலும் மேலே தெரிய, சேற்றில் புதைந்து கிடந்தது. அதன் மேல் கடைக்காலிலிருந்து பெயர்ந்த கருங்கல்.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ரோட்டோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். துக்கம் இல்லை அது. காலிக் கட்டில். காலிக் கட்டில். வேறு எதுவும் மனதில் இல்லை. ஆண்டவரே, கட்டில் காலி.

ராக்கியண்ணனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் சட்டையைப் பார்த்து, "பித்தான் எங்க விழுந்துதோ தெரியல" என்றார். இரண்டு வருடத்தில் என்னிடம் கோபமில்லாமல் அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

நவம்பர் 7

தாசில்தார் ஆபீஸிலிருந்தும் நகராட்சியிலிருந்தும் வந்து பார்த்தார்கள். "மழையால சரிஞ்சதா?" என்று என்ஜினியர் கேட்டார். ராக்கியண்ணன் என்னைப் பார்த்தார். அவர் சொல்லும் முன் நானே சொன்னேன், நான்தான் அடியில் தோண்டினேன் என்று.

என்ஜினியர் இளைஞர். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "இந்த மேடே பழைய குப்பையும் சாம்பலும்தான் சார். இதுமேல வீடு கட்டுனதே தப்பு. பைப் தண்ணிய மண்ணுல விட்டதும் தப்பு. நீங்க பண்ணுனது எல்லாத்தையும் விடப் பெரிய தப்பு. வயசானவரு உசுரோட இருக்கார்ங்கறதால இத்தோட விடறேன்" என்றார். கையைக் கூப்பினேன்.

சாயந்திரம் மண்டபத் திண்டில் உட்கார்ந்து ராக்கியண்ணன் கணக்குத் தீர்த்தார். "அறையும் தடுப்புச் சுவரும் நீங்க கட்டித் தரோணும் சார். பைப்ப நான் ரோட்டுச் சாக்கடை வரைக்கும் இழுத்துக்கறேன்." சரி என்றேன். இந்த ஒரு பேச்சுக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

142/88.

நவம்பர் 8

ஷீபாவுக்குப் பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். லில்லி போனில் அழுதுகொண்டே சிரித்தாள். அவள் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, எல்லாவற்றையும் சொன்னேன். மிக்ஸியில் தொடங்கி.



"பெரியவர் சாப்பிட்டாரா?" என்றாள் நான் முடித்ததும்.

"சாப்பிட்டார்."

"வந்து உங்கள வச்சிக்கறேன்" என்று போனை வைத்தாள். மனசு லேசாகிவிட்டது. அவள் திட்டாமல் விட்டிருந்தால்தான் பயப்பட வேண்டும்.

நவம்பர் 10

ஜேசிபி வந்து முற்றத்தில் மண் அள்ளுகிறது. என் கொட்டகை இருந்த இடத்தில் அள்ளுகிற மண்ணில் கண்ணாடி பளபளக்கிறது. டிரைவர் நிறுத்தி, "பாட்டிலுங்க நெறைய வருதுங்களே, பாத்து எடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டு அவர் காத்திருந்தார். எனக்குள் ஒருவன் சட்டென்று எழுந்து நின்றான், இல்லையென்று சொல்லமாட்டேன். குன்னூர் என்ற எழுத்து விரல் நுனியில் இன்னும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் நிறுத்தி எடுத்தால் இந்த வாரம் முடியாது, தடுப்புச் சுவருக்கு அஸ்திவாரம் போட முடியாது, அடுத்த மழைக்கு ராக்கியண்ணனின் மீதி வீடும் அபாயத்தில் நிற்கும்.

"வேண்டாம், சேத்து அள்ளிடுங்க" என்றேன். அவர் அள்ளினார். நொறுங்குகிற சத்தம் கேட்டது. நான் மண்டபத்துக்குப் போய் வசந்தாமணிக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்.

நவம்பர் 12

சமையலறைச் சுவருக்கு முட்டுக் கொடுத்தாயிற்று. மிச்ச மண் சரிந்தாலும் முன்னறை வரை வராது, முன்பக்கம் தங்கலாம் என்று என்ஜினியர் சொல்லிவிட்டார். பெரியவரை என் வீட்டு முன்னறைக்கே கொண்டுவந்துவிட்டோம். மேலே அறை கட்டி முடியும்வரை இங்கேதான். லில்லியின் கட்டிலைக் கொடுத்திருக்கிறேன். அவளுக்குத் தெரியும், அவள்தான் சொன்னாள்.

அவருக்குத் தினமும் காலையில் வெந்நீர்க் குளியல் வேண்டும். மகன் ஒருவரால் தூக்க முடியாது. இதுவரை வசந்தாமணிதான் ஒரு பக்கம் பிடிப்பாராம், அவருக்கும் இடுப்பு போய்விட்டது. இன்று காலை ராக்கியண்ணன் மார்க்கெட்டுக்குக் கிளம்புவதற்கு முன் வாசலில் நின்று, "சார், அந்தப் பக்கம் புடிங்க" என்றார்.

பிடித்தேன். பார்த்தால் எலும்பும் தோலுமாக இருக்கிறார், தூக்கினால் அப்படி ஒரு கனம். ஒரு கையால் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தண்ணீர் சூடு போதாது என்று மகனைத் திட்டினார், சோப்பு மணக்கவில்லை என்று மருமகளைத் திட்டினார், தூக்கத் தெரியவில்லை என்று என்னைத் திட்டினார். காதுக்குப் பக்கத்தில் மூச்சு சூடாக அடித்தது.

"வெச்சிருங்க சார், ஸ்டூல் வந்துருச்சு" என்றார் ராக்கியண்ணன்.

வைக்கத்தான் வேண்டும். இன்னும் ஒரு நிமிடம் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.